செருப்புகள் மட்டும் உள்ளே போன வீடு

2019ஆம் ஆண்டு மே மாதம் ஒரு வியாழக்கிழமை, பிற்பகல் நாலே காலுக்கு, சைதாப்பேட்டை ஆற்றோரக் குறுக்குத் தெருவில் இருக்கும் இனாயத் பாய் வீட்டிலிருந்து புத்தம் புது ஃபிரிட்ஜ் ஒன்று தானாக வெளியே வந்து, தி. நகரில் தன்னை விற்ற கடைக்கே திரும்பிப் போனது. போகிற வழியில் சி.ஐ.டி. நகர் சிக்னலில் சிவப்பு விளக்குக்கு நின்றது. பச்சை விழுந்தும் யோசித்துக்கொண்டிருந்ததால், பின்னால் இருந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக் கிளப்ப வேண்டியிருந்தது. அதை வாங்கித் தந்தவன் பாயின் மகன் ஜைத். பதினெட்டு மாதத் தவணை. காலையில் குட்டியானை வண்டியில் ஏற்றிவந்து இறக்கிய கூலி அறுநூறு ரூபாய். திரும்பிப் போனதற்குச் செலவில்லை. உள்ளே வைத்திருந்த ஒரு கிண்ணம் தயிரைக் கேட்டுக்குப் பக்கத்தில் சிந்தாமல் இறக்கிவைத்துவிட்டுத்தான் போயிருந்தது.

பக்கத்து வீட்டுக் கங்காதரன் இதைத் தன் மாடி பால்கனியிலிருந்து முழுக்கப் பார்த்தார். அவர் ஆச்சரியப்படவில்லை, சந்தேகப்பட்டார். ஆச்சரியப்படுகிற வழக்கம் அவருக்கு உத்தியோகத்திலேயே போய்விட்டது. ஒரு வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் கடன் பிரிவில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர் அவர். சென்னையில் யாராவது ஒருவரிடம் கடன் வாங்காமல் நாய்க்கூண்டுகூட எழும்பாது என்பது அவர் அறுபது வயதுக்குள் கண்டறிந்த ஒரே உண்மை. அந்த உண்மைக்கு எதிராகப் பக்கத்து மனையிலேயே ஒரு வீடு எழும்பி நின்றதை, தன் பென்ஷனுக்கு நேர்ந்த அவமானமாகவே எடுத்துக்கொண்டார்.

அந்த வீடு எழும்பிய விதமும் சந்தேகப்படும்படிதான் இருந்தது. அரை கிரவுண்டு நிலம், பாயின் பெரியப்பா அப்துல் வஹீத் விட்டுப் போனது. 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்தபோது தெருவில் ஆள் உயரத்துக்கு ஆற்றுச் சேறு நின்றது. எல்லோரும் சேற்றை அள்ளிப்போக லாரி தேடினார்கள். பாய் மட்டும் தன் காலி மனையைக் காட்டி, “இங்க கொட்டுங்கப்பா, நான் பாத்துக்கறேன்” என்றார். தெருவே கொட்டியது. சேற்றோடு சேர்ந்து மூன்று கெளுத்தி மீனும், ஒரு சைக்கிள் மணியும், யாரோ ஒருவருடைய பல்செட்டும் போயின. பாய்க்குச் சிந்தாதிரிப்பேட்டையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை. அன்றைய வருமானத்தில் அன்றைக்கு முடிந்த செங்கல் என்பது அவருடைய ஏற்பாடு. சில நாள் நாலு, சில நாள் ஒன்று. பையில் போட்டு மின்சார ரயிலில் கொண்டுவருவார். கோடம்பாக்கத்தில் ஏறுகிறவர்கள் அந்தப் பையின் மேல் உட்கார்ந்துவரப் பழகிக்கொண்டார்கள். கதவும் ஜன்னலும் மயிலாப்பூரில் இடித்த வீடுகளிலிருந்து ஒவ்வொன்றாக வந்தன. மூன்றே வருஷத்தில் இரண்டு அறை, ஓர் அடுக்களை, ஓட்டுக் கூரை. யாருக்கும் ஒரு பைசா பாக்கியில்லை. மேஸ்திரிக்குக்கூட வேலை முடிந்த சாயங்காலமே கூலி கொடுத்துவிட்டதால், மறுநாள் வந்து பாக்கி கேட்கச் சந்தர்ப்பமில்லாமல் அந்த மனிதர் ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்தார்.

சேறும் சும்மா இருக்கவில்லை. பாயின் மனைவி வஜீஹா விதைத்த புடலங்கொடி காம்பவுண்டைத் தாண்டிக் காய்த்தது. அதில் ஒரு காய் தெருமுனையில் இடதுபக்கம் திரும்பி ரேஷன் கடை வரிசையில் போய் நின்றது. பின்னால் இருந்தவர்கள் அதற்கும் இடம் விட்டார்கள். கத்தரிக்காயைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஏழு கோழிகள் நாளைக்கு ஒன்பது முட்டை இட்டன. அந்தக் குடும்பம் கடைக்குப் போனது அரிசிக்கும் உப்புக்கும் எண்ணெய்க்கும் மட்டும்தான்.

கங்காதரனிடம் இதற்கெல்லாம் விளக்கம் இருந்தது. வெள்ளத்தில் ஒரு இரும்புப் பெட்டி ஒதுங்கியிருக்க வேண்டும் என்று முதல் வருஷம் சொன்னார். துபாயில் ஒரு ரகசிய மச்சான் இருப்பதாக இரண்டாம் வருஷம் சொன்னார். ஃபிரிட்ஜ் நடந்த பிறகு அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காயில் கட்டுகிற ஆள். கேட்டுக்கு அடியில் பெரிய மோட்டார் ஒன்றைப் புதைத்து வைத்திருக்கிறார். மறுநாளே, தயிர் கெடாமல் இருக்கிறதா என்று விசாரிக்கிற சாக்கில் அந்த மோட்டாரைக் கண்டுபிடிக்கப் புறப்பட்டார்.

கேட்டைத் திறந்தார். வலது காலை உள்ளே வைத்தார், இடது காலையும் வைத்தார். பார்த்தால் தெருவில் நின்றுகொண்டிருந்தார், தெருவைப் பார்த்தபடி. செருப்பு மட்டும் உள்ளே போயிருந்தது. அது ரொக்கத்துக்கு வாங்கியது. வேட்டி, நல்லவேளையாகப் பண்டிகைக் கடனில் எடுத்தது, அவரோடேயே வெளியே வந்துவிட்டது. இன்னும் மூன்று முறை முயன்றார். நாலாவது முறை, செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பாய் நிமிர்ந்து பார்த்தார். செருப்பைத் தட்டிக் கேட்டுக்கு மேலாக நீட்டினார். “வெயில்ல வெறுங்காலோட நிக்காதீங்க சார்” என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அந்த மௌனம்தான் கங்காதரனைத் தூங்கவிடவில்லை.

ஏனென்றால் கங்காதரனுக்கு ஒரு ரகசியம் இருந்தது. முந்தைய வருஷம் மகன் பாரத் டாக்சி ஓட்டக் கார் கேட்டபோது, சொந்த வீட்டின் பத்திரத்தை அடகு வைத்துக் கடன் வாங்கியிருந்தார். மனைவி தேசம்மாவிடம் பி.எஃப். பணம் என்று சொல்லியிருந்தார். தேசம்மா கொட்டிவாக்கத்துக் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவள். வீட்டுப் பத்திரத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறவள். அந்த உறைக்குள் அன்றிலிருந்து பழைய காலண்டர்தான் இருந்தது. கடன்பட்டதை அந்தக் கேட் வெளியே தள்ளுகிறது என்பது தெருவுக்கு ஃபிரிட்ஜிலேயே தெரிந்துவிட்டது. தன்னையும் தள்ளுகிறது என்பது தேசம்மாவுக்குத் தெரிந்தால், இரண்டாவது கேள்வியே பத்திரத்தைப் பற்றித்தான் இருக்கும். ஆகவே பாய் வீட்டுக்குள் போய்ப் பார்த்ததாகவும், கூடம் சின்னதுதான் என்றும் அவளிடம் சொல்லிவைத்தார்.

தெருவில் மற்ற எல்லோரும் சர்வசாதாரணமாகப் போய்வந்துகொண்டிருந்ததுதான் அவருக்கு இன்னும் எரிச்சல். மூன்றாம் வீட்டுக் கம்ப்யூட்டர் பையன் ஷ்ரவண், “உள்ள செம கூலிங்கா கீது அங்கிள், ஏசியே வாணாம்” என்றான். இஸ்திரிக்கடை மதிவாணன் தரை சிவப்பு என்றார். பால்காரர் தரை பச்சை என்றார். கிணறு இருக்கிறது என்றாள் தேசம்மா; கிணறு இல்லை என்றாள் எதிர்வீட்டு அதீபா. கங்காதரனுக்கு இது உறைக்காமல் இல்லை. பாய் தரையின் நிறத்தை ஆளுக்கு ஏற்றபடி மாற்றிக் காட்டுகிறார் என்று குறித்துக்கொண்டார். புதைத்த மோட்டார் பற்றி மின்சார அலுவலகத்துக்குப் பெயரில்லாமல் மனு போட்டார். வந்து பார்த்த ஊழியர் ‘வீடு பூட்டியிருந்தது’ என்று எழுதிக் கொடுத்தார். வேறு இரண்டு அலுவலகங்களிலிருந்து வந்தவர்களும் அதே வரியை எழுதினார்கள். மூன்று பேரும் வெறுங்காலோடு போனதை கங்காதரன் பால்கனியிலிருந்து பார்த்தார். பாய் வீட்டு வாசல் அவ்வளவு சுத்தம் போல என்று நினைத்தார். அந்த வருஷம் தேசம்மாவின் நீலச் செருப்பும் காணாமல் போனது. மீன் மார்க்கெட்டில் எவனோ அடித்துக்கொண்டு போய்விட்டான் என்றாள்.

பிறகு ஊரடங்கு வந்தது. கடைகள் மூடின. வஜீஹா இரண்டு வருஷம் கூடையில் கீரையும் முட்டையும் கட்டிக் கேட்டுக்கு மேலாக எல்லா வீட்டுக்கும் இறக்கினாள். யாரும் உள்ளே போக வேண்டிய அவசியமே இல்லாததால், அது தெருவின் நிம்மதியான காலம் என்று பிற்பாடு பேசப்பட்டது. 2023 ஜனவரியில், பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, தன் மண்ணில் விளைந்ததைத் தெரு முழுக்க ஒரு வேளை தன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று பாய் முடிவு செய்தார். வஜீஹா வீடு வீடாக வந்து அழைத்தாள். மொத்தம் அறுபத்து மூன்று பேர்.

கங்காதரனுக்குச் சனிக்கிழமையே மூட்டுவலி வந்தது.

“நாலு வருசமா அவங்க வூட்டுக்குன்னா மட்டும் உனுக்கு முட்டி வலிக்குது. கடற்கரைக்கு நடக்கறப்ப வலிக்கல?” என்றாள் தேசம்மா.

“நீ முன்னாடி போ. நான் பின்னாலயே வரேன்.”

“நீ போ. எனுக்கு அடுப்புல வேல கீது.”

“விருந்துக்குப் போறப்ப அடுப்புல இன்னாடி வேல?”

கங்காதரனுக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் அது வழக்கம்போல இனாயத் பாய் மேல் வந்தது.

ஞாயிறு மதியம் பன்னிரண்டு மணிக்குத் தெருவே கேட் முன்னால் கூடியிருந்தது. அவ்வளவு மரியாதையை அந்தத் தெரு அதற்கு முன் கண்டதில்லை. “நீங்க முன்னால போங்க”, “வயசுல பெரியவங்க நீங்க”, “லேடீஸ் முதல்ல” என்று அரை மணி நேரம் யாரும் நகரவில்லை. பாயின் மகன் ஜைத் அடையாற்றில் கடனில் வாங்கிய ஃபிளாட்டிலிருந்து வந்து, போன் பேசுகிற மாதிரி தூரத்தில் நின்றான். பன்னிரண்டரைக்குப் பிரியாணிப் பானையின் தம் உடைந்தது. அந்த வாசனை தெருமுனை வரை போய், அங்கிருந்தவர்களையும் சேர்த்துப் பின்னாலிருந்து தள்ளியது. அறுபத்து மூன்று பேரும் ஒரே மூச்சில் கேட்டைத் தாண்டினார்கள்.

அறுபது பேர் தெருவில் நின்றார்கள். உள்ளே செங்கல் பாதையில் அறுபது ஜோடி செருப்பு கிடந்தது.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஷ்ரவண் வானத்தைப் பார்த்தான். மதிவாணன் தன் கால்விரல்களை எண்ணினார். அதீபாவின் இடுப்பிலிருந்த குழந்தை உள்ளே போய்விட்டது, இடுப்பு வெளியே நின்றது. குழந்தையை வஜீஹா பிடித்துக்கொண்டாள். கங்காதரன் மெதுவாகத் தலையைத் திருப்பினார். இடதுபக்கத்தில், வெறுங்காலோடு, தேசம்மா நின்றுகொண்டிருந்தாள்.

“நீ இன்னா இங்க?” என்றார்.

“நீ இன்னா இங்க?” என்றாள்.

பதில் உள்ளேயிருந்து வந்தது. உள்ளே போன மூன்று பேரில் இரண்டு பேர் கைக்குழந்தைகள். மூன்றாவது ஆள் பாரத். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதல் கவளத்தை எடுத்துவிட்டிருந்தான். காருக்கு அப்பாவின் கையெழுத்து. கார் முன்பணத்துக்கு அம்மாவின் தங்கச் சங்கிலி. அவள் கழுத்தில் நாலு வருஷமாகக் கிடந்தது கவரிங். இருவரிடமும் தனித்தனியாக, ‘அவங்க கிட்ட சொல்லாதே’ என்று கேட்டு வாங்கியவன் அவன். அவன் பெயரில் உலகத்தில் எங்கும் ஒரு ரூபாய் கடனில்லை. வீடு அவனை மாப்பிள்ளை மாதிரி உள்ளே விட்டிருந்தது.

கங்காதரன் இடிக்காகக் காத்திருந்தார். தேசம்மா கழுத்துக் கவரிங்கைத் தொட்டுக்கொண்டு சொன்னாள்: “எனுக்குத் தெரியாம நீ, உனுக்குத் தெரியாம நானு. தெரிஞ்சவன் உள்ள குந்திக்கினு துன்றான் பாரு.” பிறகு, “பத்திரமா?” என்றாள். கங்காதரன் தலையை ஆட்டினார். “உறைக்குள்ள இன்னா வெச்ச?” “காலண்டர்.” “எந்த வருசம்?” “ரெண்டாயிரத்து பதினாறு.” அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவருக்குச் சந்தேகம். தெருவும் குலுங்க ஆரம்பித்த பிறகுதான் சிரிப்பு என்று தெரிந்தது.

பாய் கரண்டியோடு கேட்டுக்கு வந்து பார்த்தார். “சரி, பந்தியத் தெருவுலயே போட்டுடலாம்” என்றார், மழை வருவதால் துணியை எடுத்துவிடலாம் என்று சொல்கிற மாதிரி. இலைகள் தெருவில் நீளமாக விரிந்தன. சாப்பாடு நடக்கும்போது வஜீஹா ஒரு மர அலமாரியையும் கேட்டருகே இழுத்து வந்தாள். நாலு வருஷமாக உள்ளே வந்து, வெட்கத்தால் யாரும் கேட்டு வாங்காத செருப்புகள் அதில் துடைத்து அடுக்கியிருந்தன. மூன்று அலுவலகங்களின் செருப்புகளும் இருந்தன. மேல்தட்டில் நீலச் செருப்பு.

அப்பாவும் அம்மாவும் இலைக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபடி பாரத் இரண்டாம் தட்டோடு வெளியே வந்தான். “இன்னா நைனா, உள்ள வரல?” என்று கேட்டான். கேட்ட பிறகு புரிந்துகொண்டான். சோறு அவனுக்கு இறங்கவில்லை. சங்கிலியை முதலில் மீட்டான். பத்து மாதம் பிடித்தது. அன்றைக்கே தேசம்மா கேட்டைத் தாண்டி உள்ளே போய், தரையைப் பார்த்துவிட்டு வந்து, சாம்பல் கலர் என்று தெருவுக்கு அறிவித்தாள். கங்காதரன், வீடு கையெழுத்தைத்தான் பார்க்கிறது, ஆளைப் பார்ப்பதில்லை என்று கண்டுபிடித்தார். தன் பழைய பிரிவும் அப்படித்தான். அன்றிலிருந்து அந்த வீட்டின் மேல் அவருக்குச் சக ஊழியர் மேல் வருகிற மாதிரி ஒரு மதிப்பு. மாடியில் பெயின்ட் டப்பாக்களில் பாய் தந்த ஆற்றுச் சேற்றை நிரப்பி அரைக்கீரை போட்டார். விதைக்கு என்ன விலை என்று இருமுறை கேட்டு, ஒன்றுமில்லை என்பதைச் சந்தேகத்தோடு ஏற்றுக்கொண்டார்.

கார்க் கடனில் இன்னும் எட்டுத் தவணை பாக்கி. அதனால் இப்போதைக்கு அவருடைய வலது கால் மட்டும் உள்ளே போகிறது. இடது கால் தெருவில் நிற்கும். வஜீஹா கேட்டுக்குக் குறுக்கே ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்திருக்கிறாள். தினமும் சாயங்காலம் அதில் உட்கார்ந்து, எட்டுகிற தூரத்துக் கத்தரிச் செடிக்குக் களை எடுக்கிறார், டீ குடிக்கிறார். நடுநடுவே குனிந்து மோட்டார் சத்தம் கேட்கிறதா என்று காதை மண்ணில் வைத்துப் பார்க்கிறார். மீன்கூடையோடு வருகிற பெண்கள், “காலைக் கொஞ்சம் மடக்கிக்க நைனா” என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போகிறார்கள்.