தாதுவைச் சிந்தாதீர்

1

இந்தக் கதை ஓர் அறிவிப்புப் பலகையில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இரண்டாயிரத்து நான்கில், கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பாலையின் மதிலோரம் ஷேர் ஆட்டோவுக்காக நின்றபோது கண்ணில் பட்டது: 'தாதுவைச் சிந்தாதீர். அது நாட்டின் செல்வம்.' லாரியிலிருந்து இறக்கும் இரும்புத்தாதுவைத்தான் சொல்கிறார்கள். ஆனால் மின்சார ரயில் பெட்டிக்குள் வைத்தியர்கள் ஒட்டுகிற நோட்டீஸில் இதே சொல்லுக்கு விந்து என்று பொருள். 'தாது நஷ்டமா? ஞாபக மறதியா? நேரில் வருக!'

சிரித்தேன். இதைப் படித்துச் சிரிக்க முடியாத ஒருவன் மதிலுக்கு உள்ளே இருப்பானே என்று பிறகு தோன்றியது.

2

'செங்கல்வராயன் ஒரு முட்டாள். அவன்...'

அடித்துவிட்டேன். அவன் முட்டாள் இல்லை, பயந்தவன்.

அந்த ஆலையில் கிரேன் ஓட்டுகிறான். ரத்னாவைக் கட்டி நாலு மாதம். ஒருநாள் கீழிருந்து காட்டிய கைச்சைகை சட்டென்று மறந்துபோய், காந்தத்தில் தொங்கிய இரும்பை ஆள் நிற்கிற பக்கம் நகர்த்திவிட்டான். நல்லவேளை, ஆள் விலகிக்கொண்டான். அன்று பொன்னேரிக்குத் திரும்பும் ரயிலில் அந்த நோட்டீஸ் அவன் முகத்துக்கு நேரே இருந்தது. கல்யாணத்தையும் மறதியையும் முடிச்சுப் போட்டுக்கொண்டான். அதிலிருந்து பாயை வாசற்படியோரம் இழுத்துப் போட்டுப் படுக்கிறான். ரத்னாவோ கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் குறை தேடுகிறாள், பாவம்.

(ஒரு துளி விந்துக்கு அறுபது துளி ரத்தம் என்கிறார்களே, அளந்தது யார்? மூளை உருகி முதுகுத்தண்டு வழியாக இறங்குகிறது என்பதும் கட்டுக்கதைதான். ஹார்மோன் சுரக்கச் சொல்லி மூளை கட்டளையிடுகிறது, உண்மை. அதற்காக மூளை கரைவதில்லை. விந்து உண்டாகும் இடம் வேறு, உடம்பு அதைத் தினமும் புதிதாக உண்டாக்கிக்கொள்கிறது. செங்கல்வராயனை மறக்கடித்தது ஒரு மாத டபுள் ஷிப்ட். ஆனால் அவன் படித்தது நோட்டீஸை, என்னையல்ல.)

3

ரத்னா துணிகளைப் பையில் அடுக்கிவிட்டாள். அம்மா வீடு திருவாலங்காட்டில்.

"என்னியப் புடிக்கலன்னா சொல்லிடு மாமா. நான் போய்க்கினே இருக்கேன்."

சொல்லக் கூசியது அவனுக்கு. "அதில்ல ரத்னா... தாது போய்க்கினே இருக்குது. ஞாபகமும் வரமாட்டேங்குது. இப்பிடியே போனா என் வேலையும் போயிடும்." அழுதேவிட்டான்.

ரத்னாவுக்குத் தெரிந்த தாது ஒன்றுதான்: அவன் சட்டையிலிருந்து தினமும் கசக்கிக் கசக்கிப் போக்குகிற செம்மண் நிறத் தூள். ஆலையில் களவு போகிறது, பழி புருஷன் தலையில் விழப்போகிறது என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் காலை ஆலை வாசலில் போய் நின்றாள்.

4

சூப்பர்வைசர் மோசஸ் வந்தார்.

"சார், தாது காணாம போனதுக்கு எங்க ஊட்டுக்காரரு காரணம் இல்ல சார்."

"இன்னாம்மா சொல்ற? தாது எங்க போச்சி? மல மாரி குவிஞ்சி கெடக்குது."

"தெனம் போவுதுன்னு அவரே அழுதாரு சார். ஞாபகம்கூட வரமாட்டேங்குதாம்."

'மோசஸ் விழுந்து விழுந்து சிரித்தார்' என்றுதான் முதலில் எழுதினேன். எழுதியது எனக்கே பிடிக்கவில்லை.

மோசஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அது வேற தாதும்மா. ரயில்ல நோட்டீஸ் ஒட்டிக்கீறான், படிச்சிப் பாரு. நானும் ஒரு காலத்துல அதப் படிச்சி பேஜாரானவன்தான். ஒண்ணும் போவல. அவனத் தூங்கச் சொல்லு, டபுள் ஷிப்ட நான் மாத்திடறேன்."

(இவ்வளவு நல்ல சூப்பர்வைசர் உண்டா? எனக்கும் சந்தேகம்தான். ரத்னாவுக்கு அன்று அப்படி ஒருவர் தேவைப்பட்டார், இருந்துவிட்டுப் போகட்டும்.)

திரும்பும் ரயிலில் ரத்னா நோட்டீஸைத் தேடிப் படித்தாள். முகம் சிவந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்கப் பார்க்க, ஹேர்பின்னால் அதைச் சுரண்டிக் கிழித்தாள். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும்.

5

மாலை செங்கல்வராயன் வந்தபோது பை இன்னும் மூலையில் இருந்தது.

"மல மாரி குவிஞ்சி கெடக்குதாம். மோசஸ் சாரு சொன்னாரு."

முதலில் அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப என்னியப் புடிக்காம இல்லியே, மாமா?"

"ரத்னா, நான்..."

இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. மூன்று விதமாக முடித்துப் பார்த்தேன், மூன்றிலும் என் குரல்தான் கேட்டது. அதற்குள் ரத்னா எழுந்து கதவைச் சாத்திவிட்டாள். நீங்களும் நானும் வெளியே நிற்கிறோம். பையைப் பிரித்தாளா, தூக்கினாளா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். உள்ளே யாரோ பாயை இழுக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. உங்களுக்கும் கேட்டதா?