திமிங்கிலத்திடமும் இருக்கிறது

...நாய்க்கு இருக்கிறது, வௌவாலுக்கு இருக்கிறது, எலிக்கும் திமிங்கிலத்துக்கும்கூட அதே டி.என்.ஏ. எழுத்துகள் அதே வரிசையில், மனுஷனுக்கு மட்டும் அந்த இடத்தில் வெறும் கோடுகள், ஒன்றும் இல்லை என்பதற்கு அடையாளமாகத் திரை முழுக்கக் குட்டிக் குட்டிக் கோடுகள்... அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள், கோடுகள் அப்படியேதான் இருந்தன. தலைமுறைக்குத் தலைமுறை டி.என்.ஏ.வில் எழுத்துப் பிழை விழுந்துகொண்டேதான் இருக்கும், அத்தனையையும் தாண்டி ஒரு துண்டு இத்தனை பிராணிகளிலும் மாறாமல் நிற்கிறதென்றால் அதற்கு ஏதோ வேலை இருக்கிறது, அது மாறிப்போன பிராணி பிழைக்கவில்லை, அப்படிப்பட்டது மனுஷனிடம் மட்டும் எங்கெங்கே இல்லை என்று தேடத்தான் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் சம்பளம். அப்படியென்றால் கணவர் போனில் கேட்கிற அந்த 'அப்புறம்?'... அதற்கு என்ன வேலை? வெளியூர் வேலைக்குப் போனதிலிருந்து அவர் தினமும் மதியம் போனில் பேசுவார், பேச்சு மாறும், மேனேஜர், முதுகுவலி, வாஷிங் மெஷின் ரிப்பேர், சண்டை, ஆனால் முடிவில் தவறாமல் ஓர் 'அப்புறம்?', சொல்ல ஒன்றுமில்லாமல், வைக்கவும் மனசில்லாமல். "அப்புறம் என்ன, ஒண்ணுமில்ல" என்பாள் இவள், அதற்குப் பிறகும் பேச்சு கொஞ்ச நேரம் ஓடும். வெட்டிப் பேச்சு என்றல்லவா நினைத்திருந்தாள்! இந்த வாரம் முழுக்க அது இல்லை. 'சரி, வச்சிடறேன்' என்பார், டொக்.

"என்னக்கா, வௌவாலையே மொறைச்சிட்டு இருக்கீங்க, மாமா போன் வரலியா?" பக்கத்து மேஜை வாயாடி. "வௌவால் ஏதாச்சும் பதில் சொல்லுமான்னு பாக்கறேன்." "மாமாவே சொல்ல மாட்டாரு, அதுவா சொல்லப் போகுது!" சிரித்துவைத்தாள். எலியையும் மனுஷனையும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எலி புதிதாகச் சேர்த்துக்கொண்டதா, மனுஷன் தொலைத்தானா, தெரியாது, அதற்குத்தான் மூன்றாவதாக நாய், நான்காவதாகத் திமிங்கிலம், அவற்றிடமும் இருந்தால் தொலைத்தது மனுஷன்தான்... இரண்டே பேர் பேசுகிற போனில் மூன்றாவதுக்கு எங்கே போவது? யாரைக் கேட்பது, என்னிடம் குறைந்ததா, அவரிடம் குறைந்ததா என்று? போன் அடித்தது. சாப்பிட்டியா, ஆச்சு, நீங்க, ம், மழையா அங்க, இல்ல, மேகம் மட்டும்... "சரி, வச்சிடறேன்." "அப்புறம்?" யார் கேட்டது? இவள்தான். வாய்க்கே புதுசாக இருந்தது அந்தச் சொல், இத்தனை நாளில் ஒரு தடவைகூட இவள் கேட்டதில்லை, கேட்பது அவர், ஒண்ணுமில்ல என்பது இவள்... அந்தப் பக்கம் டொக் விழவில்லை. நாற்காலி இழுபடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பேச உட்காருகிறாரா, போக எழுந்திருக்கிறாரா?