ஒரு ஆள் தூக்கும் கூரை

வியாழக்கிழமை காலை ஷெட்டுக்குள், டிரக் முதுகில் ஏற்றி வைத்திருந்த, கேம்பர் என்கிற படுக்கைப் பெட்டிக்குள் குனிந்து நின்று கூரையைத் தள்ளினேன். அசையவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தரம் தள்ளினேன். முன்பக்கம் எங்கேயோ டக் டக்கென்று இரண்டு சத்தம். கூரை அப்படியே இருந்தது. ஓடும்போது கூரை கீழே மடங்கி இருக்கும். நிறுத்திய இடத்தில் உள்ளிருந்து தள்ளினால் மேலே எழும்பி, சுற்றிலும் கித்தான் சுவர் விரிந்து, ஆள் நிமிர்ந்து நிற்க ஓர் அறை கிடைக்கும். அப்படித்தான் இத்தனை நாளும் எழும்பியது. வெளியே வந்து பார்த்தேன். பக்கத்துக்கு மூன்றாக ஆறு தாழ்களும் போட்டிருந்தன.

ஷெட்டுக்குள் நான் தாழ் போடுவதில்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தூக்கி இறக்குகிற கூரைக்கு எவன் தாழ் போடுவான்? முப்பத்தொரு வருஷம் இந்த மாவட்டத்து மண்சாலைகளைச் சமப்படுத்தும் வண்டி ஓட்டினேன். மாலையில் நான் விட்ட மாதிரியே காலையில் வண்டி இருக்கும். இல்லையென்றால் யாரோ கை வைத்திருக்கிறான் என்று அர்த்தம். எனக்கு அது ஒன்றுதான் படிப்பு. ஆக, யாரோ வந்திருக்கிறார்கள். அல்லது நானே போட்டுவிட்டு மறந்திருக்கிறேன். எழுபத்து நான்கு வயதில் இந்த இரண்டாவது எண்ணம் ஒரு முறை உள்ளே வந்தால் கிளம்ப மாட்டேன் என்கிறது.

இந்தக் கேம்பரை ஏப்ரலில் நாம்பா என்ற ஊரில் ஒருவனிடம் வாங்கினேன். புதுப் பெயின்ட் அடித்திருந்தான். பழைய சாமானுக்குப் புதுப் பெயின்ட் அடிக்கிறவன் எதையோ மறைக்கிறான். கதவுக்குக் கீழே திருப்புளியால் குத்திப் பார்த்தேன், கேக்கில் இறங்குகிற மாதிரி இறங்கியது. "அது மேலாப்புல மட்டும்தாங்க" என்றான். மேலாப்பில் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து தரையைப் பிரித்தபோது பிளைவுட் கையோடு பிய்ந்து வந்தது, இடுக்கெல்லாம் எலிக்கூடு. தரை முழுக்க மாற்றினேன். அலுமினியத் தகடு மாற்றினேன், கித்தானின் கிழிசல்களைத் தைத்தேன், எவனோ முறுக்கிவிட்டிருந்த ஒயரையெல்லாம் பிடுங்கிப் புதிதாக இழுத்தேன். ஐந்து மாதம்.

எல்லாம் ஒரு வார்த்தைக்காக. என் மனைவி அயோன் நாற்பது இலையுதிர் காலம் என்னோடு நீர்த்தேக்கத்துக்கு வந்து கூடாரத்தில் தரையில் படுத்தவள். இரண்டு வருஷத்துக்கு முன் இடுப்பில் அறுவை செய்தபிறகு, இனித் தரையில் படுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். இரண்டு தடவை தனியாகப் போனேன். மீன் பிடித்தேன், பொரித்தேன், தின்றேன். உப்பு ஜாஸ்தி என்று சொல்லக்கூட ஆள் இல்லை. அதனால்தான் இதை வாங்கினேன். காட்டியபோது சுற்றி ஒரு நடை நடந்தாள். "பார்க்கலாம்" என்றாள். செப்டம்பர் இரண்டாவது வாரம் கிளம்ப வேண்டும். இன்னும் அந்தப் 'பார்க்கலாம்' அங்கேயே நின்றது.

தாழுக்குப் பிறகுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. கூரையைத் தாங்குகிற பின்பக்க மடிப்புத் தகட்டில் ஒரு நைலான் வார் தொங்கியது. நான் கட்டியதில்லை. இழுக்கிற இடம் என் வயிற்று உயரத்தில் இருந்தது. வாசல் படிக்கு மேல் ரப்பர் ஒட்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே படுக்கை. ஓட்டுநர் தலைக்கு மேலே இருக்கிற படுக்கை ஒரு ஆளுக்குத்தான் பத்தும். அதை நீட்டி இரண்டு பேர் படுக்கும்படி ஒரு பலகை செய்திருந்தேன். இரண்டு நாள் தேய்த்து வழவழப்பாக்கிய பலகை. அது ஷெட் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. அதன் திருகாணிகள் ஒரு ஜாம் பாட்டிலில் கிடந்தன. நான் திருகாணியைப் பாட்டிலில் போடுகிறவன் இல்லை, சட்டைப் பையில் போடுகிறவன்.

வேலிக்கு அந்தப் பக்கம் டோமிங்கோவிடம் போனேன். பாஸ்க் இனத்து ஆட்டுக்காரக் குடும்பம். தகட்டில் ஆணி அறைகிற என் ரிவெட் கருவியை வாங்கிப் போய் ஒரு மாதம் வைத்திருந்தவன். வாசலில் உட்கார்ந்து மிளகாய் காய வைத்துக்கொண்டிருந்தான்.

"என் ஷெட்டுக்குள்ள வந்தியா?"

"வா, உக்காரு, காப்பி குடின்னு சொல்லலாம்னு பார்த்தேன். அதுக்குள்ள போலீஸ் மாதிரி கேக்கறே."

"யாரோ என் கேம்பர்ல கை வச்சிருக்கான். கூரைக்குத் தாழ் போட்டிருக்கான், படுக்கைப் பலகையக் கழட்டியிருக்கான்."

"ஏன்டா வெர்லின், உன் பெட்டிக்குள்ள பூந்து பலகை கழட்டறதுக்கு எனக்கென்ன வேற பொழப்பு இல்லையா? போன வருஷம் உன் ஏணிய நான் திருடிட்டேன்னு ஊரெல்லாம் சொன்னியே, ஏணி எங்க இருந்துச்சு?"

நான் மிளகாயைப் பார்த்தேன்.

"சொல்லுடா. எங்க இருந்துச்சு?"

"என் வீட்டுக் கூரை மேல."

"யாரு வச்சது?" என்று கேட்டுவிட்டு மிளகாயைப் புரட்டினான். "வயசாயிடுச்சுடா நமக்கு. போய் அயோன் கிட்ட கேளு. இல்லைன்னா நாயைக் கேளு."

அயோனிடம் கேட்கவில்லை. கேட்டால், மறதி வந்துவிட்டது என்று டாக்டரிடம் கூட்டிப் போவாள். ஷெட்டுக்குத் திரும்பி டிரக்கின் ஓட்டுநர் இருக்கையில் ஏறினேன். ஏற முடியவில்லை. முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது. இருக்கை கடைசி வரை முன்னே இழுத்துவிடப்பட்டிருந்தது. டோமிங்கோ என்னை விட உயரம். அந்த அளவுக்கு முன்னே இழுத்து உட்காருகிற ஆள் என் வீட்டில் ஒருத்திதான் உண்டு. இருபத்தாறு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டியவள். மைல் கணக்கைப் பார்த்தேன். டயர் மாற்றிய அன்று கண்ணாடி ஓரத்தில் டேப் ஒட்டி அதில் எழுதி வைத்திருந்தேன். நூற்றுப் பன்னிரண்டு மைல் கூடியிருந்தது.

எனக்கு மறதி இல்லை என்பதில் சந்தோஷப்பட வேண்டும். ஐந்து நிமிஷம் பட்டேன். பிறகு இருக்கையிலேயே உட்கார்ந்து யோசித்தேன். அவள் எட்டுகிற உயரத்தில் வார். அவள் வழுக்காமல் ஏறப் படியில் ரப்பர். ஒரு ஆள் மட்டும் படுக்கிற படுக்கை. எப்படிக் கூட்டினாலும் அதில் நான் வரவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் மாட்டுக்கறியை வெட்டிக்கொண்டே, "பக்கத்து வீட்டுக்காரன் மிளகாய் காய வைக்கிறான்" என்றாள். "ஆமாம்" என்றேன். நாற்பத்து மூன்று வருஷம் ஒருத்தியோடு இருந்தபிறகு, 'என்னை விட்டுப் போகிறாயா' என்று எந்தக் குரலில் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

புதன்கிழமைகளில் நான் அயோனின் சின்னக் காரை எடுத்துக்கொண்டு காப்பிக்கடைக்குப் போவேன். டிரக்கும் அவளும் மட்டும் வீட்டில் இருப்பது அப்போதுதான். வேலையிலிருந்து ஓய்ந்த ஏழெட்டுப் பேர் கூடி, தோல் குவளையில் பகடை குலுக்கிப் போட்டு, தோற்றவன் எல்லாருக்கும் காப்பி வாங்குகிற வழக்கம். பத்தரைக்கு முன்னால் எவனும் எழுந்திருக்க மாட்டான். அந்தப் புதன்கிழமை முதல் சுற்று முடிந்ததும் எழுந்தேன். "பொண்டாட்டி கூப்பிட்டுட்டாளா?" என்று சிரித்தார்கள். வீட்டில் ஷெட் காலியாக இருந்தது.

டயர் தடத்தைப் பிடித்துப் போய், கருங்கல் ஜல்லி வெட்டுகிற பள்ளத்தில் அவளைக் கண்டுபிடித்தேன். மாவட்டத்துக்குச் சொந்தமான இடம், நான் வேலை பார்த்தபோது தினம் போன இடம். ஜல்லிக் குவியலுக்குப் பின்னால் காரை நிறுத்திவிட்டு, திருடன் மாதிரி நின்று பார்த்தேன். டிரக்கைச் சமமான தரையில் நிறுத்தியிருந்தாள். இறங்கி, இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று தாழ்களை எடுத்தாள். உள்ளே போனாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முன்பக்கம் மெதுவாக எழும்பியது, நான் தூக்குகிற மாதிரி வெடுக்கென்று இல்லை. திறந்த கதவு வழியாகத் தெரிந்தது: அவள் கையால் தள்ளவில்லை. தகட்டுக்கு முதுகைக் கொடுத்து, காலை ஊன்றி, நிமிர்ந்தாள். கூரை அவளோடு நிமிர்ந்தது. பின்பக்கமும் அப்படியே. வெளியே வந்து படியில் உட்கார்ந்து ஒரு சாண்ட்விச் சாப்பிட்டாள். எதையும் பார்க்கவில்லை. எதிரே ஜல்லிதான் இருந்தது. அவள் முகத்தில் இருந்தது என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை. பாதிச் சாண்ட்விச்சை மடித்து வைத்துவிட்டு, "எவ்வளவு நேரம் அங்கயே நிப்பே?" என்றாள்.

கிட்டே போனேன்.

"என் கார் சத்தம் எனக்குத் தெரியாதா? உக்காரு."

உட்காரவில்லை. "பலகைய ஏன் கழட்டினே?"

"அது நீட்டிக்கிட்டு இருந்தா முதுகு கொடுக்க எடமில்ல. நீ கையால தூக்கறவன். உனக்கு எங்க தெரியும்."

"தாழ் எதுக்குப் போட்டே?"

"வண்டிய நிறுத்தினா எல்லாக் கதவும் பூட்டி, கடைசி சீட்டு வரைக்கும் எவனாவது தூங்கறானான்னு பார்த்துட்டுத்தான் எறங்கணும். இருபத்தாறு வருஷப் பழக்கம்." என்னை மேலும் கீழும் பார்த்தாள். "முன்பக்கக் கீல்ல ரெண்டு ரிவெட் தெறிச்சிருக்கு. தாழைப் பாக்காம தள்ளினியா?"

"ஆமா."

"எனக்குத் தெரியும். என் மேல சந்தேகம் வரதுக்கு முன்ன டோமிங்கோ மேல வந்திருக்குமே?"

"அவன்கிட்ட கேட்டேன்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்திருப்பேன், ஆனால் கேட்க வேண்டியது இன்னும் பாக்கி இருந்தது. "எங்க போறே, அயோன்?"

"முடிவு பண்ணல."

"எப்ப?"

"அதுவும்."

"என்கூடவா, என்னை விட்டுட்டா?"

கையிலிருந்த ரொட்டித் துகளைத் தட்டினாள். "நாப்பது வருஷம் நீ கூடாரம் அடிச்சே, நான் வந்தேன். நீ பிரிச்சே, நான் கெளம்பினேன். மழை பெய்யும்னு எனக்குத் தெரிஞ்ச அன்னைக்கும் நீ சொன்ன நாள் வரைக்கும் உக்காந்திருந்தேன். இதுல உள்ள ஏறினா, தூக்கவும் இறக்கவும் ஓட்டவும் எனக்குத் தெரியணும். அதுக்கப்புறம்தான் வரேனா இல்லையான்னு என்னால சொல்ல முடியும். இப்ப சொன்னா அது பதிலே இல்ல."

"ரெண்டு பேர் எப்படிப் படுக்கறது?"

"அத இன்னும் யோசிக்கல" என்று எழுந்தாள். "இறக்கப் போறேன். வெளிய நின்னு கித்தானை உள்ள தள்ளு. கூரை ஓரத்துல மாட்டினா கிழிஞ்சுடும்."

இந்தக் கூரை இறங்கும்போது நான் அதுவரை வெளியே நின்றதே இல்லை. முன்பக்கம் இறங்க ஆரம்பித்ததும், கித்தான் வயிறு மாதிரி வெளியே உப்பியது. எந்த இடத்தில் அழுத்துவது என்று தெரியாமல் இரண்டு கையையும் விரித்து அங்கும் இங்கும் ஓடினேன். "மூலையில! மூலையப் பாரு!" என்று உள்ளேயிருந்து கத்தினாள். உள்ளே அடைபட்டிருந்த காற்று, கதவு வழியாக ஸ்டவ் வாசனையும் அவள் சோப்பு வாசனையுமாக வெளியே வந்தது. பிளாஸ்டிக் ஜன்னலுக்குப் பின்னால் அவள் தலை கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்து மறைந்தது. நான் இதைச் செய்தது அவளுக்கு உதவிதானா, அல்லது அவள் கிளம்புவதற்கு நானே வழி செய்து கொடுக்கிறேனா என்று விளங்கவில்லை. ஆனாலும் நன்றாகத்தான் தள்ளினேன். ஒரு இடத்திலும் மாட்டவில்லை.

அவள் ஆறு தாழும் போட்டாள். ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தாள். டிரக்கில் ஏறிக் கிளப்பினாள். நான் சின்னக் காரில் ஏறி, அவள் கிளப்பிய புழுதிக்குப் பின்னாலேயே போனேன்.

ஜல்லிப் பாதை நெடுஞ்சாலையைத் தொடுகிற இடத்தில் டிரக் நின்றது. இடது பக்கம் ஊர், வீடு. வலது பக்கம் அறுபது மைலுக்குச் சேஜ் என்கிற வறண்ட நிலப் புதரைத் தவிர ஒன்றும் கிடையாது. இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் வண்டி வரவில்லை. பிரேக் விளக்கு இரண்டும் சிவப்பாக எரிந்தன. திரும்பும் விளக்கு எந்தப் பக்கமும் சிமிட்டவில்லை. என் கண்ணுக்கு நேரே, நான் தகடு மாற்றி, சீலிட்டு, கைப்பிடி போட்ட பின்கதவு. அதன் மேல் வெயில். ஹாரன் மேல் கையை வைத்தேன். அடிக்கவில்லை. சின்னக் காரின் திரும்பும் விளக்கையும் போடாமல், அவளுக்குப் பின்னால் இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு நின்றேன்.