நீதிபதி டாலிவரின் எடை

நீதிபதி ஆம்ப்ரோஸ் டாலிவரின் உருவப்படத்தை நீதிமன்றச் சுவரில் மாட்டியபோது அதை இரண்டு பேர் தூக்கினார்கள். சில வருடங்கள் கழித்து வெள்ளையடிக்க இறக்கியபோது ஒரு ஜோடி எருது தேவைப்பட்டது. ஒஹையோ ஆற்றின் வடகரையில் இருக்கும் ஹார்லன்ஸ் ஃபெரி ஊரார் முதலில் படத்தின் மரச்சட்டத்தைக் குறை சொன்னார்கள், பிறகு வெள்ளைச் சாயத்தில் ஈயத்தை அதிகமாகக் குழைத்துவிட்டதாக ஓவியனைத் திட்டினார்கள். கடைசியில் தச்சன் படத்துக்கு அடியில் ஓக் மரத் தூண் ஒன்றை முட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். பேச்சு மக்காச்சோள விலைக்குத் திரும்பியது.

அதே வருடங்களில் நீதிபதி இலேசாகிக்கொண்டு வந்தார். அவர் மனைவி கெசாயாவுக்கு அது முதலில் படுக்கையில் தெரிந்தது. அவர் படுத்த பக்கம் மெத்தை அமுங்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் தேவாலயத்துக்குப் போகும் வழியில் பனியில் அவள் காலடி மட்டுமே விழுந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. வாத்து சுடும் ஈயக் குண்டுகளை அவருடைய கோட்டின் ஓரத்தில் வைத்துத் தைத்தாள்.

அவர் எடை எப்போது குறைகிறது என்பதும் அவளுக்குத் தெரியும். தென்கரையில் அடிமைகளாக இருந்தவர்கள் ஆற்றைக் கடந்து இந்தப் பக்கம் ஓடி வருவார்கள். எஜமானர்கள் பின்னாலேயே வந்து நிற்பார்கள். டாலிவர் கையெழுத்துப் போட்டால் ஓடி வந்தவனைத் திருப்பி அனுப்பிவிடலாம். அவர் கொடுமைக்காரர் அல்ல, தெருக் குழந்தைகளுக்கு ஆப்பிள் கொடுப்பவர்தான். ஆனால் செனட்டுக்குப் போக ஆசைப்பட்டார், அதற்குத் தென்கரை வியாபாரிகளின் தயவு வேண்டியிருந்தது. ஒவ்வொரு கையெழுத்துக்குப் பிறகும் சுவரில் ஆணிகள் முனகின. கெசாயா இன்னும் கொஞ்சம் ஈயம் தைத்தாள்.

பிறகு ரேன்சமைப் பிடித்தார்கள். அவன் ஊரின் கொல்லன், டாலிவர் வீட்டுச் சமையல்காரி டார்கஸின் கணவன். டார்கஸ் சுதந்திரமாகப் பிறந்தவள். அவன் அப்படியில்லை, தென்கரையிலிருந்து ஓடி வந்தவன்.

"ஐயாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா," என்றாள் டார்கஸ். "அவருக்குத் தெரியாத ஆளா? அவரு குதிரைக்கு லாடம் அடிச்ச மனுசன்தானே."

காலை உணவின்போது கெசாயா சொன்னாள். நீதிபதி காப்பிக் கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

"சட்டம் நான் எழுதினதா, கெசாயா?"

"கையெழுத்து உங்களோடது."

"இந்த ஒரு வருஷம் பொறுத்துக்கோ. செனட்டுக்குப் போயிட்டா இந்த வேலையே நம்மகிட்ட வராது."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாற்காலிக்கும் அவருக்கும் இடையில் ஒரு விரற்கடை வெளிச்சம் தெரிந்தது. கெசாயா அதைப் பார்த்தாள். அவர் கையைப் பிடித்து நாற்காலியில் அமர்த்தினாள்.

மத்தியானம் கையெழுத்து ஆயிற்று. ரேன்சமை விலங்கிட்டுப் படகில் ஏற்றினார்கள். படகு நடு ஆற்றை எட்டியபோது நீதிமன்றத் தரை பிளந்தது. படம் நிலவறைக்குள் விழுந்து, அங்கேயும் நிற்காமல் களிமண்ணுக்குள் இறங்கிப் போயிற்று. விட்டுப் பார்த்த கயிறு எதிலும் படவில்லை. குழியைச் சுற்றிப் பலகை அடித்துவிட்டு வழக்குகளைத் தொடர்ந்தார்கள்.

"படம் எங்கப்பா?" என்று மதுக்கடையில் கேட்டார்கள்.

"கீழ போயிக்கிட்டு இருக்கு."

"எது வரைக்கும்?"

"போய்ச் சேர்ந்தா தெரியும்."

இலையுதிர் காலத்தில் டாலிவரைச் செனட்டுக்கு நிறுத்துவதாக அறிவிக்கக் கூட்டம் போட்டார்கள். புதுக் கோட்டில் ஈயம் தைக்க அவர் விடவில்லை. தொங்கிப்போய் அசிங்கமாக இருக்கிறதாம்.

"நீ என் கையைப் பிடிச்சுக்கோ, போதும். பார்க்கிறவங்களுக்கும் அழகா இருக்கும்."

அழகாகத்தான் இருந்தது. அவர் சுதந்திரத்தைப் பற்றிப் பேசப் பேச, கெசாயாவின் தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. கூட்டத்தில் டார்கஸ் நின்றிருந்தாள். அவள் நீதிபதியைப் பார்க்கவில்லை, கெசாயாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைதட்டல் எழுந்தபோது நீதிபதியின் குதிகால்கள் மேடையை விட்டுக் கிளம்பின.

"இறுக்கிப் பிடி," என்றார் சிரித்த முகத்தோடு.

"ரேன்சமைத் திரும்பக் கூட்டிட்டு வருவீங்களா?"

"இப்ப பேசுற பேச்சா இது?"

"ஆமாவா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

அவர் மறு கையைக் கூட்டத்தை நோக்கி அசைத்தார். கெசாயா விரல்களைத் திறந்தாள்.

அவர் அவசரமில்லாமல், புகை போகிற மாதிரி போனார். எல்ம் மரத்தின் உச்சியில் தொப்பி மாட்டிக்கொண்டது. அதற்கு மேலும் கொஞ்ச நேரம் பேசினார். அரசியலமைப்பைப் பற்றி ஏதோ சொன்னது முன்வரிசையில் இருந்தவர்களுக்குக் கேட்டதாம். நிறுத்தச் சொல்ல ஆள் இல்லாததால் வாத்தியக்காரர்கள் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். கட்சி அந்த வாரத்திலேயே வேறொருவரை நிறுத்தியது.

கெசாயா வீட்டை விற்று, ரேன்சமை மீட்கத் தென்கரைக்குப் போனாள். அதற்குள் அவனைப் பருத்தி நிலங்களுக்கு விற்றுவிட்டிருந்தார்கள். எந்த ஊர் என்று யாரும் சொல்லவில்லை. திரும்பி வந்து டார்கஸிடம் சொன்னாள். டார்கஸ் கேட்டுக்கொண்டாள்.

"பிடிச்ச கையை, படகு போன அன்னைக்குக் காலையிலயே விட்டிருக்கலாம்," என்று மட்டும் சொல்லிவிட்டு, மூட்டை கட்டிக்கொண்டு கனடாப் பக்கம் போய்விட்டாள்.

ஹார்லன்ஸ் ஃபெரியில் தெளிந்த நாட்களில் வானத்தில் ஒரு கரும்புள்ளி தெரியும். வைக்கோல் உலர்த்துகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் காற்று எந்தப் பக்கம் என்று முடிவு செய்கிறார்கள். அதன் நிழல் தங்கள் வயல்மேல் வந்து நின்றால் மட்டும் வேலையை நிறுத்துவார்கள். அப்போது யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. நிழல் நகர்ந்ததும் மறுபடி வைக்கோல் அள்ளும் கவையைக் கையில் எடுப்பார்கள்.