பின்பக்கத்து வரி

பெடாஸ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் ரோகினியின் வீடு. காலை ஏழு மணிக்கு அவள் கணவன் தேவன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளிலுள்ள எண்களை உரக்கப் படிப்பான். அவள் கணினியில் தட்டுவாள். அந்த எண்களெல்லாம் கட்டளைகள், நாற்பத்தோரு ஆண்டுகளுக்கு முன் ஏவப்பட்டு, கோள்களையெல்லாம் கடந்துபோன ஒரு விண்கலத்துக்கு.

இருபத்து நான்கு வயதில் வெளிநாட்டுக்குப் போய் அந்த வேலையில் சேர்ந்தவள் அவள். ஐம்பதில் ஊர் திரும்பி, லோரி ஓட்டிக்கொண்டிருந்த தேவனைக் கட்டிக்கொண்ட பிறகும் வேலையை விடவில்லை. அந்தப் பழைய கட்டளை மொழி தெரிந்தவர்களில் மிஞ்சியவள் அவள்தான். ஒருவர் படிக்க இன்னொருவர் தட்ட வேண்டும் என்பது அங்கே விதி. இங்கே அந்த இன்னொருவன் தேவன்.

"மொத புருஷன் இன்னிக்கி எப்படி?" என்பான், கலத்தைக் குறித்து.

"குளிருதாம்."

கலத்தில் மின்சாரம் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு கருவியாக அணைத்தாயிற்று. அன்று தூசி எண்ணும் கருவியின் முறை. அதன் சூட்டில்தான் பக்கத்து எரிபொருள் குழாயும் உறையாமல் இருந்தது. அதனால் குழாயின் சிறு சூடேற்றியைப் போட வேண்டும். முந்தின மாலை அந்த நினைவு வந்தபோது தாளில் இடமில்லை. பின்பக்கம் எழுதி வைத்தாள்.

பதினோரு மணிக்குத் தாளைக் கோப்பில் வைக்கப் போனவள் நின்றுவிட்டாள்.

"ஏங்க, பின்னாடி படிச்சீங்களா?"

"பின்னாடி என்னா? முடிவு வரி வந்திச்சி, நிறுத்திட்டேன் லா. எப்பவும் அங்கதானே நிறுத்துவோம்?"

அவளும் கேட்கவில்லை. தூக்கக் கலக்கத்தில் அனுப்பிவிட்டாள். கட்டளை போய்ச் சேரப் பதினான்கு மணி நேரம், பதில் வரவும் அவ்வளவு நேரம். நான்கு மணி நேரம் முன்னால் புறப்பட்டதை இனி எதுவும் முந்தாது. குழாய் உறைய மூன்று மணி நேரம் போதும். உறைந்தால் கலம் தன் அலைவாங்கியைப் பூமியின் பக்கம் திருப்ப முடியாது. அத்தோடு பேச்சு முடிந்தது.

பயம் வருமுன் அவளுக்குள் வேறொன்று வந்தது. நாளைக்கு எழுந்திருக்க வேண்டாம். உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அந்த லேசைக் கண்டுதான் அவள் பயந்தாள்.

விடுபட்ட வரியை அனுப்பினாள். மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் பதில் தெரியும். மீன் ஆய்ந்தாள், துணி மடித்தாள், மடித்ததையே மறுபடி மடித்தாள்.

"அழுவுறியா?"

"வரல. அதாங்க கஷ்டமா இருக்கு. போயிடிச்சின்னு நெனச்சதும் எனக்கு நிம்மதியா இருந்திச்சி."

தேவன் அவள் மடித்த துணியை வாங்கி ஓரமாக வைத்தான். "எனக்கும்தான் லா. விடிஞ்சா போதும், எழுப்பி உட்கார வச்சிடுறான். எந்தப் புருஷனுக்குப் புடிக்கும்?"

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு நின்றதும் களைப்பு அப்படியே இருந்தது.

மறுநாள் மூன்று மணிக்கு மெல்லிய சமிக்ஞை வந்தது. குழாயின் வெப்பம் உறைநிலைக்கு ஒரு பாகை மேலே. கணக்குப்படி அது உறைந்திருக்க வேண்டும். உறையவில்லை. மகிழ்ச்சி வருமென்று காத்திருந்தாள். அடுத்த வாரத் தாளின் நினைவுதான் வந்தது.

தவறை ஒளிக்காமல் வெளிநாட்டு அலுவலகத்துக்கு எழுதினாள். கீழே, யாரையாவது அனுப்புங்கள், ஆறு மாதம் சொல்லிக்கொடுத்துவிட்டு நான் நின்றுகொள்கிறேன் என்று சேர்த்தாள்.

தேவன் தோளுக்குப் பின்னால் நின்று படித்தான். "அவன் இன்னும் ஓடுறான், நீ நின்னுக்கிறியா?"

"அதுக்கு அலுப்பு இல்லங்க. எனக்கு இருக்கு."

சொன்னபோது அவளுக்கு வெட்கமாக இல்லை. அனுப்பிவிட்டாள்.