விரல் வலிக்கிறதா என்று கேட்ட டாக்டர்

அந்தமானில் பாம்பூஃப்ளாட்டிலிருந்து சாத்தம் போகும் காலைப் படகில் உட்கார இடமில்லாமல் ஆட்கள் நின்றார்கள். ராஜமாணிக்கத்தின் பக்கத்தில் மட்டும் பலகை காலியாகக் கிடந்தது. முழங்கையிலும் காதோரத்திலும் வெள்ளைச் செதிலாக உதிரும் சொரியாசிஸ் படை அவருக்கு. அது ஒட்டாத நோய் என்று அந்தப் படகில் யாருக்கும் தெரியாது.

போர்ட் பிளேரில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்துகளை அச்சுக் கோப்பவர் அவர். 1969 மழைக்காலத்தில் வலது ஆள்காட்டி விரல் முழுவதும் வீங்கியது. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரல்கள் மடங்கவில்லை. நகங்களில் ஊசியால் குத்தியது போலச் சிறு குழிகள் விழுந்திருந்தன.

படைக்குக் களிம்பு வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனார். வங்காளி டாக்டர் அவர் கையைப் பிடித்து நகங்களைக் கவனித்தார். "உங்லி மே தர்த் ஹை? சுபஹ் அகட் ஜாதா ஹை?" விரல் வலிக்கிறதா, காலையில் விறைக்கிறதா என்று கேட்டார். இந்தப் படை உள்ள சிலருக்கு அது மூட்டையும் தாக்கும் என்றார்.

வரிசையில் பின்னால் அச்சகத்து ஃபோர்மேன் நின்றிருந்தார். கையும் கெட்டுவிட்டது என்று தெரிந்தால் வேலை போய்விடும், அடுத்த கப்பலில் மெயின்லேண்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

"நஹி சாப். குச் நஹி", இல்லை, ஒன்றுமில்லை என்றார் ராஜமாணிக்கம்.

நான்கு வருடத்தில் விரல்கள் ஒவ்வொன்றாகக் கோணின. ஈய எழுத்துகள் கையில் நிற்காமல் சிதறின. வேலையும் போனது. அதன் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனபோது அதே டாக்டர் எக்ஸ்ரேயை வெகுநேரம் பார்த்துவிட்டு, அன்றே சொல்லியிருந்தால் இவ்வளவு கெட விட்டிருக்க மாட்டேன் என்றார்.

மகள் ஜெயலட்சுமிக்குப் பத்தொன்பது வயதானபோது போர்ட் பிளேர் பத்துபஸ்தியில் வரன் அமைந்தது. அவள் தலையிலும் படை இருந்தது. ஒருநாள் காலை அவள் குதிகாலை ஊன்றாமல் நடப்பதை ராஜமாணிக்கம் பார்த்தார்.

"எத்தனை நாளாம்மா இப்படி?"

"ஒரு மாசமாப்பா. காலைல மட்டுந்தான்."

"செருப்பு கடிச்சிருக்கும்" என்று மனைவி சுசீலா குறுக்கே வந்தாள். "மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? கல்யாணம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

அவர் கேட்கவில்லை. அன்றே மகளைப் படகில் கூட்டிப்போய் டாக்டரிடம் ஒன்று விடாமல் சொன்னார். அதே மூட்டு நோய்தான், ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள் என்று டாக்டர் மருந்து எழுதினார். பத்து நாளில் விஷயம் பத்துபஸ்தி வரை போய், வரன் நின்றது.

சேதி வந்தபோது சுசீலா கணவருக்குச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். கையை உதறிவிட்டு அழுதாள். "நீங்க வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருந்தா என் பொண்ணு வாழ்ந்திருப்பா."

ராஜமாணிக்கம் மகளைப் பார்த்தபடி சொன்னார்: "படை இருக்கிறவங்க மூட்டு வலிய மறைக்கவே கூடாது சுசீலா. அன்னிக்கி டாக்டர் கேட்டப்ப 'ஆமா, வலிக்குது'ன்னு நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இன்னிக்கி இந்தச் சோத்த நானே பெசஞ்சு சாப்பிட்டிருப்பேன்."