வெளியே வரும் வசதி

உலாவியின் புதிய பதிப்பில், இணையப் பக்கங்கள் திரையிலிருந்து ஆள் உருவில் இறங்கி வந்து வீட்டில் பத்து நிமிடம் இருந்துவிட்டுப் போகும் வசதி வந்தது. போட்டிக் கம்பெனி தை மாதமே வெளியிட்டுவிட்டதால் இவர்களும் வெளியிட்டார்கள். வீட்டுக்காரர் தன் கையால் எதையாவது கொடுத்தால் அது நிரந்தரமாகத் தங்க அனுமதி. யார் கொடுக்கப் போகிறார்கள் என்று விதி எழுதியவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

பெருங்குடி அலுவலகத்தில் அந்த உலாவியின் பாதுகாப்பைக் கவனித்துவந்த தில்லைநாயகியே முதல் நாள் மாட்டிக்கொண்டாள். சோபா விளம்பரத்திலிருந்து இறங்கியவர் வேர்த்து விறுவிறுத்து நின்றார். வந்தவருக்கு ஒரு வாய் தண்ணீர்கூடத் தராமல் எப்படி? கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, ஜன்னலோரம் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

பதினோரு வருடம் வாடகை வீடுகளில் அல்லாடிவிட்டு வந்து சேர்ந்த வீடு அது. விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. மேலாளர் இளம்பரிதியிடம் போய், இது பெரிய ஓட்டை, உடனே அடைக்க வேண்டும் என்றாள்.

“தண்ணி குடுக்காம இருந்திருக்கலாமே மேடம்?”

“நீங்க குடுக்காம இருந்தீங்களா சார்?”

அவர் வீட்டில் ஏற்கெனவே நாலு பேர். அதில் ஒரு திருமண இணையதளம் மாடி அறையையே பிடித்துக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் மல்லுக்கட்டி விதியை மாற்ற வைத்தாள். இனி தண்ணீர் கொடுப்பது அனுமதி ஆகாது. புதுப்பதிப்பு வந்து சேரும் நேரத்தில் வீட்டுக்குள் யார் இருக்கிறார்களோ, அவர்கள்தான் வீட்டுக்காரர். அவளே சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டாள். புதுப்பதிப்பு வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அப்போது அவள் அலுவலகத்தில் இருந்தாள்.

சாயங்காலம் அவள் வீட்டுக் கதவு திறக்கவில்லை. வாசல் பூட்டும் உலாவியோடு இணைந்ததுதான். சோபாக்காரர் ஜன்னல் கம்பி வழியாக ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினார்.

“குடிங்கம்மா. உள்ள கூப்பிடத்தான் முடியாது.”

அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. அதுதான் அவளுக்கு அழுகையை வரவழைத்தது. குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள்.

படியில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். சோபா விளம்பரப் பக்கம் ஆளில்லாமல் கிடந்தது. வெளியே வருவதற்குத்தான் விதிகள் இருந்தன. உள்ளே போவதைப் பற்றி யாரும் எதுவும் எழுதவில்லை.

செருப்பைப் படியிலேயே கழற்றி வைத்துவிட்டுத் திரைக்குள் போனாள். சோபா நன்றாக இருந்தது. தலைக்கு மேல் நாற்பது சதவீதத் தள்ளுபடி என்று எழுதியிருந்தது, அதன் நிழலில் கொஞ்சம் கண்ணயர்ந்தாள்.